வளர்ந்த நாயும் வாசல் பழக்கமும்



சென்ற இதழில், மார்கழிக் குளிரில் முதியோர் உடலைப் பேணும் முறை பற்றிச் சில கருத்துகளை எழுதியிருந்தேன். இத்திங்கள் ஒரு நாயைப் பற்றி எழுத எண்ணுகிறேன். "எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் தெருக்களில் பிள்ளைகள் வெளியூர் சென்று, முதியோர் பின்தொடர்ந்து, வீடுகள் பூட்டப்படுங்கால், அவ்வீட்டு நாய் எங்கே போகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பூட்டிய கதவின் முன்னே பல நாள் படுத்திருந்து, பின்னர் தெருவோடு தெருவாய்க் கலந்து மெலிந்துபோன நாய்களை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறோம். அவ்வாறு நேராமல் ஒரு நாயை ஏற்றுக்கொண்ட எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், நாளை வேறொரு வீட்டாருக்கு அது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் தனியே வாழ்ந்து வந்தார். இளமை முழுவதையும் சுரங்கத்தின் அடியாழத்தில் கழித்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும், "சங்கு ஊதாவிட்டாலும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்று சொல்லிச் சிரிப்பவர். பாறைத் தூள் படிந்த நுரையீரல் அவரை ஆண்டுக்காண்டு தளர்த்திற்று. சென்ற தீபாவளிக்கு அடுத்த வாரம் மகள் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றார். மகள் வாழும் அடுக்ககத்தில் நாய் வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் இசையவில்லை. பெரியவர் தம் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அது வெண்ணிறமான, சடை நிறைந்த சிறு நாய். வயது ஐந்து இருக்கும். பெயர் மணி. நம்மவர் இத்தகைய நாயைப் 'பாமரேனியன்' என்று அழைப்பது வழக்கம். இந்திய ஸ்பிட்ஸ் என்பதே அதற்குப் பொருத்தமான பெயர். 1980, 1990ஆம் ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் விரும்பி வளர்த்த இனம் அது. சிறு வீட்டுக்கு ஏற்றது, நம் ஊர் வெப்பத்தையும் தாங்கும், சோற்றையும் உண்ணும்.

"தம்பி, இவன் தொல்லை தரமாட்டான்" என்றார் பெரியவர். என் மகள் அதற்குள் மணியை வாங்கிக்கொண்டாள். நான் சரி என்றேன்.

அன்றிரவே தொல்லை தொடங்கிற்று. விடியற்காலையில் எழுந்த என் தாயார், பூசை அறை வாயிலில் நீர் தேங்கி நிற்பதைக் கண்டார். மறுநாள் அடுக்களை வாயிலில். அதற்கு மறுநாள் மீண்டும் பூசை அறை வாயிலில். ஒரு வாரம் பொறுத்த தாயார், "நாய் இருப்பதில் எனக்குத் தடையில்லை, அப்பா. சாமி விளக்கு எரியும் இடத்தில் அசுத்தம் இருக்கக்கூடாது. பொங்கலுக்குள் இது பழகவேண்டும், இல்லையேல் வேறு இடம் பார்த்துவிடு" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அவர் கூறியதில் தவறு ஏதுமில்லை. ஆனால், வேறு இடம் என்பது எது? பெரியவரிடம் திருப்பி அனுப்ப வழியில்லை. தெரிந்தவர் எவரும் முன்வரவில்லை. மீதமிருந்தது தெரு ஒன்றுதான்.

இவ்விடத்தில் என் பிழையை மறைக்காமல் சொல்லவேண்டும். செய்தித்தாளைச் சுருட்டி மணியை இரண்டு அடி அடித்தேன். அதன் மூக்கை ஈரத்தின் அருகே அழுத்தி அதட்டினேன். நம்மில் பலரும் அறிந்துள்ள வைத்தியம் இதுதானே! அதன் விளைவு யாதெனில், மணி எங்கள் கண்முன்னே நீர் கழிப்பதை நிறுத்திவிட்டது. இரும்புப் பெட்டியின் பின்புறம் ஒளிந்துகொண்டு கழித்தது. தோட்டத்துக்கு அழைத்துச் சென்றாலும் நான் அருகிலிருக்கும்வரை அடக்கிக்கொண்டு, உள்ளே வந்ததும் பெட்டியின் பின்னே ஓடிற்று. நான் கற்பித்தது, 'வீட்டுக்குள் கழிக்காதே' என்பதன்று. 'இவன் பார்க்கும்போது கழிக்காதே' என்பதே என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் பழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நோயைப் பற்றிக் கேட்டார். மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறதா? அடிக்கடி சிறிது சிறிதாகக் கழிக்கிறதா? முக்குகிறதா? நீரில் செந்நிறம் உண்டா? சிறுநீர்த் தடத்தில் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இருப்பின், எத்துணைப் பழக்கினும் பயன் இராது. அது நாயின் குற்றமும் அன்று. மணிக்கு அவ்வகைக் குறை ஏதுமில்லை. "இதற்கு வைத்தியம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எப்போது, எங்கே என்று எழுதிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

எழுதுவதென்றால் எனக்கு எளிது. இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை இது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்தேன்: உணவு, தண்ணீர், உறக்கம், வெளியே சென்ற நேரம், வீட்டுக்குள் நேர்ந்த நேரம், நேர்ந்த இடம். நான் பணியில் இருக்கும் வேளையில் என் மனைவி குறித்து வைப்பாள். மாலையில் மகள் குறிப்பாள்.

பத்து நாள் கழித்து அப்பக்கங்களைப் பார்த்தோம். பெரும்பாலானவை இரவில், விடிவதற்கு முன் நேர்ந்தவை. இடங்களோ மூன்றே மூன்று: பூசை அறை வாயில், அடுக்களை வாயில், இரும்புப் பெட்டியின் பின்புறம். நான் நேரத்தையே மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான், "அப்பா, சாக்கு போட்டிருக்கிற இடத்தில்தானே மணி போகிறான்?" என்று கேட்டாள்.

உண்மைதான்! இரு வாயில்களிலும் கால் துடைக்கக் கோணிச் சாக்கு விரித்திருந்தோம். பெட்டியின் அடியில் ஈரம் தாக்காதிருக்க இன்னொரு சாக்கு கிடந்தது. வெறுந்தரையில் மணி ஒருமுறைகூடக் கழித்ததில்லை.

அன்றிரவு பெரியவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அதுவரை அவர் கேட்கும்போதெல்லாம், "மணி நன்றாக இருக்கிறான், ஒரு தொல்லையும் இல்லை" என்று பொய் சொல்லி வந்தேன். அன்று நடந்ததை மறைக்காமல் கூறினேன். சிறிது நேரம் மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "தம்பி, இராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து படியிறங்க என்னால் முடியவில்லை. இரண்டு வருடமாகக் கதவோரத்தில் ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தேன். அதில்தான் போகவேண்டும் என்று நான்தான் பழக்கினேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது."

அன்பர்களே, அச்சொற்களைக் கேட்டபோது என் கை நாணிற்று. பழகாத நாய் என்று நாங்கள் எண்ணிய நாய், நன்கு பழகிய நாயாக இருந்தது. தன் தலைவர் கற்பித்த ஒழுங்கைப் புது வீட்டிலும் தவறாமல் கடைப்பிடித்தது. அந்தக் கீழ்ப்படிதலுக்குத்தான் நான் அதை அடித்தேன்.

வளர்ந்த நாயை ஏற்போர் அனைவரும் அறியவேண்டிய முதற்பாடம் இதுவே. குட்டி நாய் ஒன்றும் அறியாதது; வளர்ந்த நாயோ ஏதேனும் ஒன்றை அறிந்தே வருகிறது. சிமிட்டித் தரைக் கூண்டில் வளர்ந்தது சிமிட்டித் தரையைத் தேடும். புல்லில் பழகியது புல்லைத் தேடும். காகிதத்தில் பழகியது, நாம் படித்துக் கீழே வைத்த செய்தித்தாளைத் தேடும். ஆகையால், முன்பு வளர்த்தவரைக் கேட்டறிதல் வேண்டும். கேட்க இயலாவிடின், அது கழிக்கும் இடத்தின் தரையைப் பார்த்து அறிதல் வேண்டும்.

இனி, நாங்கள் செய்த முறையைக் கூறுவேன்.

வீட்டிலிருந்த சாக்குகளை எல்லாம் அகற்றி, வாயில்களில் பழந்துணி மிதியடிகளை இட்டோம். மணியின் வாடை படிந்த ஒரு சாக்கை மட்டும் கழுவாமல் பின்கதவின் உட்புறத்தில் விரித்தோம். அங்கேயே அது கழிக்கலாயிற்று. நான்கு நாள் கழித்து அச்சாக்கைக் கதவுக்கு வெளியே படியில் இட்டோம். மேலும் நான்கு நாளில் தோட்டத்து முருங்கை மரத்தடிக்குக் கொண்டு சென்றோம். பின்னர் அதைப் பாதியாக வெட்டினோம். பிறகு கால் பங்காக்கினோம். கைக்குட்டை அளவே எஞ்சியபோது, மணி சாக்கைவிட்டு மண்ணிலேயே கழித்தது. அன்று அத்துண்டையும் எடுத்துவிட்டோம். ஒரே நாளில் எடுத்திருந்தால், அது சாக்குக்கு ஒப்பான வேறொன்றை வீட்டுக்குள் தேடியிருக்கும்.

அடுத்தது நேரம். நலமுள்ள வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கும் என்பர். சிறு நாயின் பை சிறியது. அதனிடம் அவ்வளவு எதிர்பார்த்தல் ஆகாது. விழித்தவுடன், உண்டவுடன், விளையாடியவுடன், உறங்கச் செல்லுமுன் என்று தவறாமல் வெளியே அழைத்துச் சென்றோம். உணவையும் நாளுக்கு இருமுறை, குறித்த வேளையில் வைத்தோம். உள்ளே செல்வது ஒழுங்கானால் வெளியே வருவதும் ஒழுங்காகும். தண்ணீரை மட்டும் குறைக்கவில்லை. அது கொடுமை, நோய்க்கும் வழி. நம் பாட்டனார் காலத்தில் சுரங்கச் சங்கு நம் ஊரின் அடுப்பையும் உறக்கத்தையும் ஆண்டது. இன்று எங்கள் வீட்டில், மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் முதல் வண்டியின் ஊதல் மணியின் காலைக் கடனுக்குச் சங்காயிற்று.

மூன்றாவது பரிசு. உருசிய அறிஞர் பாவ்லோவ் என்பார், உணவோடு சேர்த்து ஓர் ஒலியைப் பன்முறை கேட்ட நாய், பின்னர் ஒலியைக் கேட்ட அளவிலேயே வாயூறுவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். செரிமான ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தால் நாயின் மனம் அவற்றை இணைத்துக்கொள்ளும். இடைவெளி நீண்டால் இணைக்காது. ஆதலால், மணி மரத்தடியில் நீர் கழித்து முடித்த அக்கணமே, அங்கேயே, அவித்த முட்டையில் ஒரு துளித் துண்டைக் கொடுத்தோம். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றே அது கொள்ளும். அது கழிக்கும்போது 'போய்வா' என்ற ஒரே சொல்லை மெல்லச் சொன்னோம்; இப்போது அச்சொல்லைச் சொன்னாலே மரத்தடியைத் தேடுகிறது. கழித்தவுடன் உள்ளே இழுத்து வராமல் சிறிது நேரம் உலவவிட்டோம். இல்லையேல், கழித்தால் உலாவல் முடிந்துபோகும் என்று கருதி அடக்கிக்கொள்ளும். இன்னொன்று: வெங்காயம் கலந்த எதனையும் நாய்க்குத் தரலாகாது, அதன் குருதிக்கு அது நஞ்சு.

நான்காவது தூய்மை. நம் மூக்கில் மணமறியும் நுண்ணறைகள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்பர். நாய்க்கோ அவை இருபது கோடிக்கு மேல். பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டால் வாடை போயிற்று என்று நாம் கருதுகிறோம். நாயின் மூக்குக்கு அஃது அங்கேயே இருக்கிறது. மீண்டும் அவ்விடத்துக்கே அழைக்கிறது. அம்மோனியா கலந்த நீர்மங்களோ சிறுநீரின் வாடையையே ஒத்தவை, அவற்றை நீக்குக. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, பின்னர் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தோம். சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த நீர்மங்களும் கடைகளில் கிடைக்கின்றன, வசதியுள்ளோர் வாங்கலாம்.

ஐந்தாவது இரவு. மரப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய போர்வை இட்டு, எங்கள் படுக்கையின் அருகே வைத்தோம். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது. அது எழுந்து நடந்தால் நமக்குக் கேட்கும்; உடனே எழுந்து கதவைத் திறக்கலாம். முதல் மூன்று வாரம் இதற்கு உறக்கத்தை இழந்தே ஆகவேண்டும், குறுக்குவழி இல்லை.

பழக்கும் நாளிலும் தவறு நேரும். நம் கண்முன் நேர்ந்தால், கூச்சலின்றிப் பெயர் சொல்லி அழைத்து வெளியே தூக்கிச் செல்க. நேர்ந்தபின் கண்டால், வாய் திறவாமல் துடைத்துவிடுக. முன்பு செய்ததற்கு இப்போது அடித்தால், அடியைத்தான் அது அறியும்; காரணத்தை அறியாது. ஆண் நாய் சுவரோரத்திலும் தூணிலும் காலைத் தூக்கிச் சிறிதளவே தெளித்தால், அது கழிவன்று, எல்லைக் குறி. கருத்தடை அறுவை செய்தால் பல நாய்களுக்கு அது குறையும்.

அச்சத்தால் நீர் விடுவதும் உண்டு. இதை நான் எழுத விரும்பவில்லை, எனினும் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிப்பதற்காகச் செய்தித்தாளைக் கையில் எடுத்தேன். எதிரே நின்ற மணி தரையோடு தரையாகப் படுத்து, கண்ணை மூடி, இருந்த இடத்திலேயே நீர் விட்டது. இரண்டே அடி, அதை மறக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நாள்தோறும் அதன் அருகே தரையில் அமர்ந்து, முகம் பாராமல், தாளை விரித்துப் படித்தேன். இப்போது தாளின் ஓரத்தில் தலை வைத்து உறங்குகிறது.

நாயைத் துறத்தல் சட்டப்படியும் குற்றம் என்பதைப் பலர் அறியார். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு நிறைவேறிற்று. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் தகுந்த காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுதல் குற்றம் என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. தண்டத்தின் சிறுமையைப் பார்த்துக் குற்றத்தின் அளவை மதிப்பிடலாகாது. நாயை ஏற்போர் வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் இடுவித்தலும் கடமையாகும்.

இனி, பொங்கலன்று நடந்ததைக் கூறி முடிக்கிறேன்.

தாயார் வைத்த கெடு நெருங்கிற்று. ஆனால் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. காரணத்தைப் பிறகு அறிந்தேன். எங்கள் வீட்டில் முதலில் எழுபவர் அவரே. மார்கழி முழுவதும் கோலமிட எழும் வேளையில், பின்கதவைத் திறந்து மணியை வெளியே விட்டவர் அவர்தாம். நாயைத் தொடமாட்டார், 'போய்வா' என்று மட்டும் சொல்வார். திரும்பி வந்ததும், தோசைத் துண்டு ஒன்றை எட்ட நின்று போடுவார். என் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கு ஏறவே இல்லை.

பெரியவர் பொங்கலுக்கு மகளுடன் இரயிலில் வந்தார். நிலையத்தில் மணி அவரைக் கண்டு செய்த ஆர்ப்பாட்டத்தை எழுதி மாளாது. அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். இருமல் காரணமாக அவருக்கு உறக்கமில்லை. நள்ளிரவுக்குப் பின் மணி எழுந்து, பின்கதவருகே சென்று, ஒருமுறை நகத்தால் கீறிவிட்டு நின்றது. நான் எழுவதற்குள் அவரே சுவரைப் பிடித்து நடந்து சென்று தாழ்ப்பாளை நீக்கினார். மணி இருட்டில் இறங்கிச் சென்று, சிறிது நேரத்தில் திரும்பி வந்து, தன் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது.

அவர் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தார். "இத்தனை நாளும் வெளியே போகத்தான் ஆசைப்பட்டிருப்பான். எனக்காகச் சாக்கில் போனான்" என்றார்.

"உங்களுக்குப் பழகினான், இப்போது எங்களுக்குப் பழகியிருக்கிறான், ஐயா" என்றேன்.

மறுநாள் மாலை வண்டிக்குப் புறப்படுமுன், மணிக்கு முட்டை வாங்க என்று சொல்லி என் மகள் கையில் பணம் கொடுத்தார். வேண்டாம் என்று நான் தடுத்தேன். "வாங்கிக்கொள்ளட்டும், அப்பா, அது அவருடைய உரிமை" என்றார் என் தாயார்.

அடுத்த இதழில், சிறு வீட்டில் தண்ணீர்த் தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கும் முறை பற்றிப் பேசுவோம்.